தாயாரம்மாள் வீட்டுப் பால்கனி

“சும்மான்னா இன்னா அர்த்தம்? அதை நீயே சொல்லு. ரெண்டு தூணு. கம்பி, சிமிட்டி, கூலி எல்லாம் அவன் தலைல. எனக்கு ஒரு பைசா செலவு கெடையாதாம். இந்த ஊர்ல தண்ணி லாரிக்காரன் ஒரு கொடம் சும்மா ஊத்துவானா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எங்கிட்ட அவுக சொல்லல.”

“கட்னவகிட்ட சொல்லாமயா எங்கிட்ட வந்து சொல்லிகினு கீறான்?”

“நெசமாத்தான்மா.”

“அழகுக்காம். எலிவேசனுக்காம். எம் மூஞ்சிக்கே எலிவேசன் இல்ல, வூட்டுக்கு எதுக்குடான்னு கேட்டேன். சிரிக்கறான். ஆனா அந்தச் சிரிப்பு சரியில்ல. அதான் உன்னப் புடிச்சேன்.”

தாயாரம்மாள் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கித் தன் அறைக்கு நடந்துகொண்டிருந்த இசக்கிசெல்வியை அவள்தான் கைதட்டி நிறுத்தியிருந்தாள். செல்வியின் கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து செல்போன் கம்பெனி லைனில் நின்ற கால்கள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு மாறி மாறி நின்றன.

ஐப்பசி மழை காலையில் பெய்துவிட்டு, சாயங்காலம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனது மாதிரி வானம் இருண்டிருந்தது. தொழிற்பேட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு காலத்தில் நெல் விளைந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தவளைகள் இப்போதே ஆரம்பித்திருந்தன.

செல்வி தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் மேலே கொண்டுபோனாள். தாயாரம்மாள் வீட்டின் மாடியில் நான்கு புது அறைகள், பூச்சு வேலை முடியாத சுவர்களோடு வரிசையாக நின்றன. அறைகளின் முன்னால், அவற்றின் முழு நீளத்துக்கும் ஒரு பால்கனி வாசலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே அதற்குத் தூண் கிடையாது. இப்போதைக்கு அதைத் தாங்கிக்கொண்டிருந்தவை வாடகைக்கு எடுத்த ஜாக்கிகள்தாம். துருப்பிடித்த இரும்புக் கால்கள் இரண்டு வரிசையாக மண்ணில் பலகை போட்டு நின்றன. பூரானைத் திருப்பிப் போட்டது போல அது அவளுக்கு இருந்தது.

அறைகளுக்குள்ளே இருந்த ஜாக்கிகளையெல்லாம் எப்போதோ பிரித்து அனுப்பியாகிவிட்டது. பால்கனிக்கு அடியில் இருப்பவற்றை மட்டும், இந்த மாடியைக் கட்டும் செல்வியின் புருஷன் சக்திகுமார் பிரிக்கவில்லை. மழை என்றான். வெல்டிங் வேலை பாக்கி என்றான். இன்றைக்கு இது.

“நான் கேட்டுச் சொல்லுதேம்மா,” என்றாள் செல்வி.

“கேளு. கேட்டு நெசத்த சொல்லு. பொண்ணுங்க ரெண்டு பேரு வந்து ரூமு பாத்துட்டுப் போயிட்ச்சுங்க. உங்க ஊருப் பக்கந்தான். கார்த்திக மொத நாளு பாலு காய்ச்சறேன். அதுக்குள்ள இந்தக் கொம்பையெல்லாம் எடுக்கணும். தண்ணி லாரி ரிவர்ஸு வரணும்ல? தூண வச்சா லாரி என் மண்டை மேலயா வரும்?”

செல்வி நடந்தாள். தூண் என்ற சொல் அவள் கூடவே நடந்தது.

அவளுக்கு நான்கைந்து நாளாக ஒரு விஷயம் தெரியும். அது தன் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து, சோற்றோடும் தூக்கத்தோடும் அதை விழுங்கிக்கொண்டிருந்தாள். தூண் என்று சக்திகுமார் கேட்டிருக்கிறான் என்றால், அவனுக்கும் தெரியும்.

சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. பஸ் வரத் தாமதமான ஒரு காலையில், கம்பி கட்டுகிற ஒருவர் குனிந்து, கீழ்க்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் நடுவே சிறு வளைகம்பிகளை நிறுத்திக் கட்டுவதை அவள் பார்த்தாள். நாலு காலும் ஒரு முதுகுமாக, குட்டி நாற்காலி போன்ற கம்பிகள். அவற்றை அவளுக்குத் தெரியும். கைநிறையப் பொறுக்கியிருக்கிறாள்.

“அது என்னது அண்ணே?” என்று கேட்டாள்.

“இதுவாம்மா? சேரு. மேல்கம்பி உக்கார்ற சேரு. இது இல்லன்னு வையி, கலவை கொட்டி நாலு பேரு மிதிச்சா மேல்கம்பி கீழ போய்ப் படுத்துக்கும்.”

“படுத்தா?”

“ரூமுக்குன்னா பரவால்ல. வெளில நீட்டிகினு கீற பால்கனிக்கு மேல்கம்பிதாம்மா உசுரு.”

பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். அன்று லைனில் அவள் கையில் வந்த ஒவ்வொரு போனும் உயிருள்ளது போல இருந்தது.

சக்திகுமார் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் எட்டு வருஷம் காண்ட்ராக்ட் லேபராக இருந்தவன். லைனில் நிற்கும் ஆட்களின் காலடியில் ஒரு திருகாணி கிடந்தாலும் சிவப்பு விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடி வருவார், ஊரிலிருக்கும் அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டுவார். லூஸாக எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் பாடம் அவன் எலும்பில் ஏறிவிட்டது. வீட்டில்கூடத் தீப்பெட்டி அதற்கான இடத்தில்தான் இருக்க வேண்டும். வார விடுமுறைகளில் கக்கூஸுக்கு டைல்ஸ் ஒட்டுவது, சுவர் பூசுவது என்று ஆரம்பித்து, கம்பெனி அவனுடைய காண்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விட்ட மாதம், “இனி நமக்கு நாமே சூப்பர்வைசர்” என்று சொல்லிக்கொண்டு தொழிலில் இறங்கினான். ‘இசக்கி பில்டர்ஸ்’ என்று போர்டு. செல்வியின் சங்கிலி, கலவையைத் தாங்கும் சென்ட்ரிங் தகரமாக மாறியது. ஊரில் அவன் பங்குக்கு வந்த பனங்காடு கம்பி கட்டும் ஆட்களுக்கு அட்வான்ஸாக மாறியது. முழுசாக எடுத்துச் செய்யும் முதல் வேலை தாயாரம்மாளுடையது.

வரைபடத்தில் பால்கனி மூன்றடிதான். கம்பி கட்டி முடித்த பிறகு தாயாரம்மாள் வந்து பார்த்து, “பொண்ணுங்க துணி காயப் போட இன்னும் ரெண்டடி இழுத்து உடேன் தம்பி” என்றாள். புதிதாகத் தொழில் தொடங்கியவன் வாயில் ‘ஆகட்டும்மா’ என்பதைத் தவிர வேறு சொல் வராது. நீளக் கம்பி வாங்கி மாற்றினார்கள். மேஸ்திரி முனிரத்தினத்தின் ஆட்கள் அந்தச் சேர்களைக் கடைசியாக வளைத்து, பால்கனி ஓரத்தில் குவித்து, “காலைல வந்து சொருகிக் கட்டிடறோம்” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். சக்திகுமாரிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் விடியும்போதே மிக்சர் வந்துவிட்டது. மேகமும் வந்துவிட்டது. சக்திகுமார் மேலே ஏறிப் பார்த்தான். கட்டப்படாத கம்பித் துண்டுகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன.

“லூஸா எதுவும் கிடக்கப்படாது செல்வி. எல்லாத்தையும் பொறுக்கு.”

அவள்தான் பொறுக்கினாள். சிமெண்டுப் பையில் போட்டுக் கீழே இறக்கினாள். கம்பி கட்டும் ஆட்கள் வருவதற்குள் கலவை பால்கனியை எட்டிவிட்டது, தூறலும் விழ ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் சாப்பாட்டுக்கு ஆள் அதிகமாகிவிட, அவள் அந்தப் பையைப் பழைய இரும்புக் கடையில் போட்டுக் கூடுதலாக ஒரு கோழி வாங்கினாள். எல்லோரும் பிரியாணியைப் புகழ்ந்தார்கள். அவளும் ஒரு கால் துண்டைக் கடித்தாள்.

அந்தக் கோழி இப்போதும் அவள் வயிற்றில் செரிக்காமல் கிடந்தது.

சக்திகுமார் மழையில் நனைந்து வந்தான். ஒற்றை அறை. ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் அவன் புதிதாக வாங்கிய லெவல் குழாயும் பூச்சுக் கொலுறுகளும் அளவு வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. செல்வி கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்து, நெத்திலிக் கருவாட்டை வறுத்திருந்தாள். தலையைத் துவட்டிவிட்டு உட்கார்ந்தான். அவள் சோற்றைப் போட்டாள்.

“தூணு எதுக்கு அத்தான்?”

அவன் பிசைந்துகொண்டிருந்தான். “அந்தம்மா வாயில ஒண்ணும் நிக்காதே. அழகுக்குத்தாம்ட்டி. ரெண்டு தூணு, மேல ஒரு ஆர்ச்சு.”

“ஓசியிலயா?”

“மொத வேல. நாலு பேரு பாத்து நாலு வேல வரட்டும்னுதான்.”

“ரேசன் அரிசி வாங்கித் திங்கோம். ஆர்ச்சு ஓசிக்கு வைக்கியளாக்கும்.”

“தொழில்னா அப்பிடித்தான். ஒனக்கு என்ன தெரியும்?”

“சேரு தெரியும்.”

அவன் விரல்கள் சோற்றுக்குள் நின்றுவிட்டன.

“எப்பம் தெரியும் ஒனக்கு?”

“நாலஞ்சு நாளாவே. சத்திரத்துல ஒரு அண்ணன் கட்டுறத பாத்தேன். கேட்டேன், சொன்னாவ. நீங்க எப்பம் பாத்திய?”

“பாக்கல. யோசிச்சேன்.” அவன் தட்டைத் தள்ளி வைத்தான். “உள்ள ஜாக்கி பிரிச்ச அன்னிக்கி பால்கனியையும் பிரிச்சிரலாம்னுதான் இருந்தேன். கம்பி கட்டுற பய ஒருத்தன் வந்து, ‘அண்ணே, அன்னிக்கி வளைச்சு வச்ச சேர காணமே, யாரு கட்டுனது’ன்னான். எனக்கு உள்ளங்கால் சில்லுன்னு போச்சு. முனிரத்தினம் கட்டியிருப்பாருன்னு சொல்லி அனுப்பிட்டேன். பொறவு ஆளுங்க போனதும் நடுவுல ஒரு நாலஞ்சு ஜாக்கிய அரைச் சுத்து, அரைச் சுத்துதான்ட்டி, தளத்திப் பாத்தேன்.”

“பாத்தா?”

“சத்தம் ஒண்ணும் வரல. மேல ஏறிப் போனேன். சுவரும் பால்கனியும் சேருத எடத்துல ஒரு கோடு. மயிரு மாதிரி. இந்தக் கடைசியில இருந்து அந்த மூணாவது ரூமு வாசல் வரைக்கும். ஓடி வந்து எல்லாத்தையும் திருப்பி இறுக்குனேன். இறுக்கும்போது கையி வழுக்குது. வேர்வ.”

“கோடு போச்சா?”

“சிமெண்டுப் பால் விட்டு மூடிட்டேன். இப்பம் பாத்தா தெரியாது.”

செல்வி கருவாட்டு வாணலியைக் கீழே இறக்கி வைத்தாள். எதற்கு இறக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“பொறுக்குனது நீ. சொன்னா நீ ஒறங்குவியா?”

“இப்பம் மட்டும் ஒறங்குதேனாக்கும்.”

இத்தனை நாளும் ஒரே பாயில், அசையாமல், தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு இருவரும் ஒரே கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

“இடிச்சிட்டுத் திருப்பிப் போட்டா?” என்றாள் செல்வி.

“பால்கனிக் கம்பி ரூமு கம்பியோட ஒண்ணாக் கெடக்கு. அத உடைச்சா ரூமு ஸ்லாப்பையும் பாதி உடைக்கணும். ஒரு சட்டி சிமெண்டு வாங்கக்கூட இப்பம் வழியில்ல. மணிமங்கலத்துல அந்தம்மா கொழுந்தன் சுப்பராயன் ஆஸ்டல் கட்டக் குடுத்த அட்வான்சு மிக்சர் மிசினா நிக்கு. அவுங்க வீட்டு பால்கனி இடிஞ்சிச்சுன்னு தெரிஞ்சா அவரு என்னையவே மிசின்ல போட்டுக் கலக்கிருவாரு.” சிரிக்க முயன்றான். தாயாரம்மாள் சொன்னது சரிதான். அந்தச் சிரிப்பு சரியில்லை.

“தூணு வச்சா நிக்குமா?”

“நிக்கும். கீழ தூணு, தூணு மேல பீமு. மேல்கம்பி வேலையே இல்லாம கீழ்க்கம்பியே தாங்கிக்கிடும். அது சத்தியமா நிக்கும் செல்வி. அந்தம்மா சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்.”

“தண்ணி லாரி வராதுங்காவ.”

“ஓஸு பைப்பு போட்டு தண்ணிய எறக்கலாம்னு சொன்னேன். ‘எங்க மாமனார் காலத்துல இருந்து தெறந்து கெடக்குற வாசல்ல கம்பம் நட உடமாட்டேன்’ன்னுட்டாவ.”

“உள்ளதச் சொல்லிருவோம் அத்தான்.”

“சொல்லு. சொல்லிட்டு ராவோட ராவா துணிமணிய கட்டு. ஊருல போயி என்ன திங்க? பனங்காடும் இல்ல.” அவன் எழுந்து கை கழுவப் போனான். வாசலில் நின்று, வெளியே பார்த்தபடி சொன்னான்: “நாளைக்கு ஜாக்கிக்காரன் லாரி அனுப்புதான். இனிமே வாடகையும் வேண்டாம், ஜாக்கிதான் வேணும்ங்கான். மணிமங்கலம் பக்கம் யாருக்கோ வாக்குக் குடுத்திட்டானாம். காலைல முனிரத்தினத்தை வரச் சொல்லியிருக்கேன். அவரு பாத்துச் சொல்லட்டும்.”

காலையில் தூறல் விட்டு விட்டு விழுந்தது. செல்வி ஷிப்டுக்குப் போகவில்லை. பல்வலி என்று லைன் லீடருக்குச் சொன்னாள். சொன்ன பிறகு நிஜமாகவே பல் வலித்தது.

முனிரத்தினம் இடுப்பில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, சுத்தியலால் பால்கனியின் அடிப்பக்கத்தை இங்கும் அங்கும் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். டாக்டர்கள் நெஞ்சில் குழலை வைத்துவிட்டு முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பார்களே, அப்படி.

“கும்னு சொல்லுது பாரு. வெங்கலப் பானை மாதிரி.”

“கோடு வந்திச்சே அண்ணே,” என்றான் சக்திகுமார் மெதுவாக. தாயாரம்மாள் உள்ளே பம்பு போட்டிருந்தாள், அந்தச் சத்தம் இவர்களை மறைத்தது.

“எந்தக் கட்டடத்துல கோடு இல்ல? உன் கைலயே எத்தினி கோடு கீது, கை வுழுந்துட்ச்சா?”

“சேரு இல்லாம போட்டிருக்கு. ஒங்களுக்குத் தெரியும்லா?”

முனிரத்தினம் ஏணியிலிருந்து இறங்கினார். சுத்தியலை லுங்கியில் துடைத்தார். “தெரியும்னா, இன்னா தெரியும்? மழை வந்துட்ச்சு. கலவை கொட்டிட்டான். பசங்கள உட்டு கம்பிய கையால தூக்கித் தூக்கி உட்டேன். எவ்ளோ தூரம் தூக்கிச்சு, எங்க உக்காந்துச்சு, அத்த உள்ள போயா பாக்க முடியும்?”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“நீதான் மொதலாளி. நீதான் பொறுக்கச் சொன்ன. நான் சொன்னா, கொட்ன கலவைய வாரி எடுத்துனு போயி உங்க ஊர்ல கொட்டியிருப்பியா?” குரல் சற்று உயர்ந்து, உடனே தானாகவே தணிந்தது. “தம்பி, நீ கம்பெனில இருந்த ஆளு. எல்லாத்துக்கும் பச்சை லைட்டு எரியணும் உனுக்கு. கட்டடத்துக்கு லைட்டு கெடையாது. நிக்கும். நிக்கற வரைக்கும் நிக்கும். மொதல்ல ஜாக்கிய எடு. எடுத்துட்டு துட்ட வாங்கு. என் பசங்களுக்கும் பாக்கி கீது.”

செல்வி டீ வாங்கி வந்திருந்தாள். தூக்குச் சட்டியிலிருந்து மூன்று தம்ளரில் ஊற்றினாள். முனிரத்தினம் வாங்கிக்கொண்டு நாலு எட்டு பின்னால் போய், வாசல் வெளியில் நின்று குடித்தார். தூறல் கொஞ்சம் வலுத்தது. அவர் தலைமுடியிலும் தம்ளரிலும் துளி விழுந்தது. பால்கனியின் அடியில், நனையாமல், மூன்று பேர் உட்காருகிற மாதிரி ஒரு பலகை போட்டிருந்தது.

“உள்ள வாங்க அண்ணே. டீயில மழ விழுது பாருங்க,” என்றாள் செல்வி.

“இருக்கட்டும்மா. சூடு ஆறட்டும்.”

அவர் வரவில்லை. செல்வி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தானும் அந்தப் பால்கனிக்கு வெளியேதான் நிற்கிறோம் என்று அப்புறம்தான் கவனித்தாள். சக்திகுமார் மட்டும் அடியில், ஒரு ஜாக்கியைப் பிடித்தபடி இருந்தான். கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருப்பவனைப் போல.

லாரி முனையில் திரும்பி ஹார்ன் அடித்தது. சேறு தெறிக்க வந்து, கேட்டுக்கு முன்னால் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. டிரைவர் இறங்காமலே கத்தினார். “இன்னாபா, பிரிச்சி வெக்கலயா? மூணு வாட்டி ஆச்சு உன் கதை. இன்னிக்கி எடுக்காம போனா ஓனரு என்னை முட்டு குடுத்து நிறுத்திருவாரு.”

“செத்த பொறுங்க அண்ணே.”

“நான் பொறுப்பேன். அங்க சென்ட்ரிங் அடிச்சிட்டு உக்காந்துனு கீறாங்களே, அவங்க பொறுப்பாங்களா?”

பம்புச் சத்தம் நின்றது. தாயாரம்மாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் துண்டோடு வந்தாள். லாரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அப்பாடா. வந்துட்ச்சா? எடுங்கடா சாமி. இந்த இரும்புக்கு நடுவுல பூந்து பூந்து என் தோளு ரெண்டும் தேஞ்சு போச்சு.”

அவள் சக்திகுமாரைப் பார்த்தாள். முனிரத்தினத்தைப் பார்த்தாள். அவர் காலி தம்ளரை மழையில் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னாடா இது, எழவு வூடு மாதிரி நிக்கிறீங்க?”

சக்திகுமார் ஜாக்கியிலிருந்து கையை எடுத்தான். “அம்மா, அந்தத் தூணு விசயம். லாரி வாரதுக்குத் தோதா நானே வழி பண்ணித் தாரேன். தூண கேட்டுப் பக்கம் ஒதுக்கி...”

“மறுபடியும் தூணா?” தாயாரம்மாள் துண்டைத் தோளில் போட்டாள். “தம்பி, நானும் நேத்துலந்து யோசிச்சினு கீறேன். கம்பெனிக்காரனுக்கு நெலம் எடுத்தாங்களே, அந்தத் துட்டுல மிச்சம் இருந்தது இந்த மாடிதான். அரிசி வாங்கறதும் இதுலதான், எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னா பாக்கறதும் இதுலதான். நான் படிச்சவ இல்ல. ஆனா வேணாம் வேணாம்னு சொல்றவ வூட்டுக்கு ஒருத்தன் வந்து சும்மா தூணு நடறேன்னு நிக்கறான்னா, எதுவோ கீதுன்னு எனக்குத் தெரியாதா? சொல்லு. இன்னா கீது?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“மேஸ்திரி, நீ சொல்லு.”

“நான் தட்டிப் பாத்தேன்கா. கும்னு கீது.”

“கும்னு கீதுன்னா எடுக்க வேண்டியதுதான? எதுக்கு எட்டப் போயி நிக்கற?”

முனிரத்தினம் பீடியைத் தேடினார். டிரைவர் மறுபடி ஹார்னில் கை வைத்தார். வரிசை வீடுகளிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சக்திகுமார் குனிந்து சுத்தியலை எடுத்தான். முதல் ஜாக்கியின் கழுத்துக்கு நேராக அதைப் பிடித்தான்.

“தட்டட்டுமாம்மா?” என்றான்.

“நில்லு.”

தாயாரம்மாள் அவனை விட்டுவிட்டு செல்வியிடம் வந்தாள். நடந்து வருகையில் பால்கனியின் அடியில்தான் வந்தாள். நடுவில் நின்றாள். செல்விக்குக் காதுக்குள் தவளைச் சத்தம் போல ஒன்று நிறைந்தது. மேலே நான்கு அறையிலும் பெண்கள் குடியேறி, ஈரத் துணிகளோடு வரிசையாக வெளியே வந்து நிற்பதை, கைகள் கொடிக்கு உயர்வதை, ஒருத்தி எதற்கோ சிரிப்பதைக் கண்ணை மூடாமலே அவள் பார்த்தாள். உங்க ஊருப் பக்கந்தான் என்றாளே. அந்தப் பெண்களின் பேச்சு கூடக் கேட்டது.

“இங்க வா,” என்றாள் தாயாரம்மாள்.

செல்வி போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. பால்கனியின் நிழலுக்குள் தூறல் நின்றுவிட்டது, குளிர் மட்டும் இருந்தது. மேலே பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சக்திகுமார் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. அவன் என்ன சொல்லச் சொல்கிறான் என்றும் தெரிந்தது, சொல்லாதே என்கிறானோ என்றும் இருந்தது.

“இந்த ஆம்பளைங்க பேச்சு எனக்கு வேணாம். ஒருத்தன் ஆர்ச்சுன்றான், ஒருத்தன் வெங்கலம்ன்றான். போர்டுல உம் பேருதான் போட்டுக்கீது. அன்னிக்கி கலவை போடறப்ப கூட நின்னவ நீ. என் வூட்டு ஆளுங்களுக்குச் சோறு போட்டவ நீ. தூணு இல்லாம இது நிக்கும்னு நீ சொன்னா, இப்பவே தட்டச் சொல்றேன். மீதித் துட்டையும் இன்னிக்கே எடுத்துக் குடுத்துடறேன். சுப்பராயனுக்கும் போன் போட்டு நல்ல பசங்கன்னு சொல்றேன். நிக்காதுன்னா, அதையும் நீயே சொல்லு.”

அவள் செல்வியின் வலது கையைப் பிடித்தாள். சொரசொரப்பான, சூடான பிடி. அந்தக் கையைத் தூக்கி, இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த தன் நரைமுடிக்கு மேலே கொண்டுபோய், படாமல், ஒரு விரல்கடை உயரத்தில் நிறுத்தினாள்.

“எந்தலை மேல கைய வச்சு ஒரு வார்த்த சொல்லிடும்மா.”